பத்துமலை தைப்பூசத்துக்கு முதல் தடவை போறோம், அலகு குத்துறத பிள்ளைக்குக் காட்டலாமா?

மதுரைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். வேலை விஷயமா குடும்பத்தோட மலேசியாவுக்கு, கோலாலம்பூர் வந்திருக்கோம், இந்தத் தைப்பூசத்துக்கு இங்க உள்ள பத்துமலை முருகன் கோயிலுக்குப் போயே ஆகணும்னு வீட்ல ஒரே பேச்சு. ஊர்ல மாரியம்மன் கோயில் திருவிழால வாயில அலகு குத்திட்டு வர்றத பாத்திருக்கேன், ஆனா இங்க முதுகு பூரா கொக்கி, நெஞ்சுல கம்பி, தலைக்கு மேல அவ்ளோ பெரிய காவடின்னு ஆபீஸ்ல காட்டுன வீடியோவ பாத்ததும் மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. பொண்ணுக்கு ஏழு வயசு, பயந்துருவாளோ? எப்ப போனா கூட்டம் கொஞ்சம் தாங்கும்? அப்புறம் ஒருத்தர் நேர்த்திக்கடன் செலுத்துறத நாம நின்னு பாக்குறதும் போட்டோ எடுக்குறதும் சரியா? எனக்கு இதுதான் ரொம்ப உறுத்துது.

செந்தூல் தம்பி:
அண்ணே தாராளமா வாங்க. நான் காவடி எடுக்குற ஆளு, அதனால கடைசிக் கேள்விக்கு முதல்ல சொல்றேன். அலகு குத்துறது அன்னைக்கு ஒரு நாள் நடக்குற விஷயம் இல்ல, சிலர் ஒரு மண்டலம் முழுக்க விரதம் இருப்பாங்க, சைவம், தரையில படுக்கை, வீட்ல வேற பேச்சே இருக்காது. அப்புறம்தான் ஆத்தங்கரையில குளிச்சு, சாம்பிராணி போட்டு, உறுமி அடிக்க அடிக்க குரு விபூதி பூசி குத்துவாரு. வலிக்குமான்னு எல்லாரும் கேப்பாங்க. குத்துறப்ப தெரியும், அப்புறம் மனசு வேற எங்கயோ போயிடும். எனக்கு கஷ்டமே அந்த 272 படிதான், காவடியோட பாரம் பூரா தோள்லயும் இடுப்புலயும் இறங்கும், கால் நடுங்கும். அந்த நேரம் பக்கத்துல முன்னப்பின்ன தெரியாத யாரோ "வேல் வேல்"னு கத்துவாங்க பாருங்க, அதுலதான் அடுத்த படி ஏறுவேன். நீங்களும் அதச் செய்யுங்க, அப்ப நீங்க வேடிக்கை பாக்க வந்தவரு இல்ல. போட்டோ எடுங்க, ஆனா வழிய மறிக்காதீங்க, முகத்துக்கு நேரா பிளாஷ் அடிக்காதீங்க. மேல குகைக்குள்ள அலகு எடுக்குறப்ப மட்டும் போன உள்ள வச்சிருங்க, அது அவருக்கும் முருகனுக்கும் உள்ள நேரம்.

கிள்ளான் அக்கா:
தம்பி சொன்னது அத்தனையும் உண்மை. ரதம் பூசத்துக்கு ரெண்டு ராத்திரி முன்னாடி துன் எச்.எஸ்.லீ ரோட்டு மகாமாரியம்மன் கோயில்லேர்ந்து கிளம்பி மறுநாள் பத்துமலை வந்து சேரும், வெள்ளி ரதத்த பாக்கணும்னா அந்த ராத்திரி டவுன்லயே நின்னு பாருங்க, பிள்ளைக்கு ரொம்பப் பிடிக்கும். மலைக்கு பூசத்தன்னைக்குத்தான் போகணும்னு இல்ல, காவடி ரெண்டு மூணு நாள் முன்னாடியே ஏற ஆரம்பிச்சிடும். பூசத்தன்னைக்குப் போனா விடியறதுக்கு முன்னாடியே போயிருங்க, கார் வேணாம், கொமுட்டர் ரயில் கோயில் வாசல்கிட்டயே நிக்கும். பிள்ளைய ஆத்தங்கரைக்கு மட்டும் கொண்டு போகாதீங்க, ஊசி உள்ள போறத இவ்ளோ பக்கத்துல பாக்குற வயசு இல்ல. 140 அடி முருகன் சிலை பக்கத்துல நின்னு பால்குடம், மொட்டை போட்ட குழந்தைங்க, மயில் காவடி இதெல்லாம் முதல்ல காட்டுங்க. முந்தின நாள் இடும்பன் கதைய சொல்லிருங்க, ரெண்டு மலைய தோள்ல தூக்கிட்டு வந்து பழனியில இறக்கி வச்சவரு அதுக்கப்புறம் தூக்க முடியாம நின்ன கதை. காவடி ஏன்னு அவளுக்கே புரிஞ்சிடும்.

பினாங்கு பொண்ணு:
அக்கா கோவிச்சுக்காதீங்க, நான் இதுல வேற மாதிரி நினைக்கிறேன். நாங்கல்லாம் அப்பா தோள்ல உக்காந்து பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில்ல அலகு பாத்து வளந்தவங்க, பயந்ததில்ல. மறைச்சு வச்சாதான் பிள்ளை பயப்படும், அப்பா அம்மா கையெடுத்துக் கும்பிட்டா அதுவும் கும்பிடும். மதுரை அண்ணா, இன்னொரு வருஷம் எங்க ஊருக்கும் வாங்க. 513 படி, ஆனா எனக்கு அழகு கீழ ரோட்டுலதான், ரதம் வர்ற வழியெல்லாம் தேங்காய் மலை மாதிரி குவிச்சு உடைப்பாங்க, சீனக்காரங்களும் குடும்பத்தோட வந்து உடைப்பாங்க. செட்டியார் கோயில் வெள்ளி ரதம் 1894ல காரைக்குடியில செஞ்சு வந்தது, உங்க ஊர்ப்பக்கம்தானே. 2017லேர்ந்து தங்க ரதமும் வருது.

மதுரைக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆத்தங்கரைக்கு நான் மட்டும் போயிட்டு வரேன், மனைவியும் பொண்ணும் சிலைகிட்ட நிக்கட்டும். சின்னப் பால்குடம் ஒண்ணு பொண்ணு கையில குடுத்து ஏத்தலாமா, இல்ல அதுக்கும் விரதம் வேணுமா?

கிள்ளான் அக்கா:
தாராளமா எடுக்கட்டும். இன்னையிலேர்ந்து வீட்ல எல்லாரும் சைவமா இருங்க, குழந்தைக்கு அது போதும். குடத்துல பாதி பால் ஊத்துனா போதும், நிறைய ஊத்துனா சிந்தும். குடத்தோட வாய மஞ்சத் துணியால இறுக்கிக் கட்டிருங்க, செருப்பு போடாம ஏறணும், வெயில் வந்தா படி சுடும், அதனால எட்டு மணிக்குள்ள மேல போய்ச் சேந்திருங்க.