லண்டனில் முதலில் வீடா, பள்ளியா? 14 வயது மகளுக்கும் 8 வயது மகனுக்கும் ஏற்ற பகுதி எது?

வடவள்ளி:
அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு லண்டன் கேனரி வார்ஃபில் வேலை உறுதியாகியுள்ளது. ஜூலை முதல் வாரத்தில் கோவையிலிருந்து குடும்பத்தோடு புறப்படுகிறோம். மகள் எட்டாம் வகுப்பை முடித்திருக்கிறாள். ஜூலை இறுதியில் அவளுக்கு 14 வயது நிறைகிறது. மகன் மூன்றாம் வகுப்பை முடித்தவன். டிசம்பரில் ஒன்பது வயது நிறையும். இருவரையும் அரசுப் பள்ளியில் சேர்க்கவே விரும்புகிறோம். தமிழ்க் கடைகளும் கோயிலும் அருகில் இருப்பதால் ஈஸ்ட் ஹாமில் வீடு எடுக்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். மகனைக் கிராமர் பள்ளியில் (நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளி) சேர்க்கலாம் என்பதற்காகக் கணவரின் நண்பர்கள் சட்டனைச் சொல்கிறார்கள். எனக்கோ ஹாரோவின் மீது ஒரு நாட்டம் இருக்கிறது. வீட்டுக்கு முன்பணம் கட்டிய பிறகு பக்கத்துப் பள்ளியில் இடமில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற கவலையில் எந்த முடிவுக்கும் வர முடியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஹாரோவாசி:
சகோதரி, பகுதியைப் பற்றி யோசிக்கும் முன் மகளின் வகுப்பைப் பாருங்கள். இங்கிலாந்தில் செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் அனைவரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். அந்தக் கணக்கில் உங்கள் மகள் வரும் செப்டம்பரில் இயர் 10இல் சேர்வாள். மகன் இயர் 4இல் சேர்வான். நம் ஊரில் ஒன்பதாம் வகுப்புக்குப் போக வேண்டிய பிள்ளை, இங்கே பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வுக்கான ஈராண்டுப் படிப்பின் முதல் நாளில் வகுப்பில் உட்காருகிறாள். எனவே பகுதியைத் தீர்மானிக்க வேண்டியது மகளின் பள்ளிதான். மகனின் வயதில் ஒரு பள்ளி சரிப்படாவிட்டால் அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம். இயர் 10இல் சேர்ந்த பிள்ளையை நடுவில் மாற்றினால் தேர்வு வாரியமும் பாடப் பகுதிகளும் மாறிப்போய்ப் படித்ததையே மறுபடி தொடங்க வேண்டிவரும்.

அடுத்து, பலரும் கவனிக்காத ஒன்று. ஆண்டின் நடுவிலோ இயர் 10 போன்ற இடைப்பட்ட வகுப்பிலோ வந்து சேரும் பிள்ளைகளுக்கான சேர்க்கை, மேல்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பான இயர் 7 சேர்க்கையைப் போன்றதல்ல. எத்தனை மைல் தொலைவு வரை கடந்த ஆண்டு இடம் கிடைத்தது என்று கவுன்சில்கள் (உள்ளாட்சி அமைப்புகள்) வெளியிடும் விவரம் இயர் 7க்கு உரியது. உங்களுக்கு வேண்டியது இயர் 10இல் இன்று காலியிடம் இருக்கிறதா என்ற ஒரே தகவல். அதை அந்தந்த கவுன்சிலின் சேர்க்கைப் பிரிவிடமோ பள்ளி அலுவலகத்திடமோ நேரடியாகக் கேட்கலாம். கோவையிலிருந்தே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். இடம் இல்லையென்றால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்ப்பார்கள். அந்தப் பட்டியல் பெயர் கொடுத்த வரிசையில் நகர்வதில்லை. பள்ளியின் சேர்க்கை விதிகளின் வரிசையில்தான் நகர்கிறது. பெரும்பாலான பள்ளிகளில் உடன்பிறந்தவர் படிப்பதும் வீட்டின் தொலைவும் அந்த விதிகளில் அடங்கும் என்பதால், பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி நேற்றுக் குடிவந்தவர், ஆறு மாதமாகக் காத்திருப்பவருக்கு மேலே போய்விடலாம். ஆகவே இரண்டு மூன்று பள்ளிகளுக்கு நடந்தே போகும் தொலைவில் வீடு பார்ப்பது, ஒரே ஒரு புகழ்பெற்ற பள்ளியின் வாசலில் அதிக வாடகைக்கு வீடு எடுப்பதைவிட நல்லது. பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் அமைப்பு அளித்துவந்த ஒற்றைச் சொல் மதிப்பீடு 2024 செப்டம்பரில் கைவிடப்பட்டுவிட்டது; வீட்டு முகவர்கள் இன்னும் பழைய 'அவுட்ஸ்டாண்டிங்' பட்டத்தைச் சொல்லித்தான் வாடகை பேசுகிறார்கள். அதை நம்பாமல் அறிக்கையை முழுமையாகப் படியுங்கள்.

ஹாரோ பரோவில் (லண்டனின் நிர்வாகப் பிரிவு) உள்ள ஸ்டான்மோரிலிருந்து ஜூபிலி என்னும் டியூப் (சுரங்க) ரயில் மாறாமலேயே கேனரி வார்ஃப் போகிறது. ஆனால் ஹாரோவில் அரசுக் கிராமர் பள்ளி கிடையாது.

இல்ஃபோர்ட் அம்மா:
மேலே சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். பாடங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் மூத்த மகனும் இதே வயதில்தான் வந்து சேர்ந்தான். கணக்கிலும் அறிவியலிலும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் சமாளித்துவிடுகிறார்கள். ஆங்கில இலக்கியம்தான் கடினம். ஒரு ஷேக்ஸ்பியர் நாடகம், ஒரு 19ஆம் நூற்றாண்டு நாவல், குறைந்தது பதினைந்து கவிதைகள் படிக்க வேண்டும். தேர்வறைக்குள் புத்தகத்துக்கு அனுமதியில்லை. மேற்கோள்களைச் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவு முழுக்க ஒட்டிவைத்திருந்தான். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் ஒன்றைச் சொல்லிப் பார்ப்பான். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் என்ன உதவி தருகிறீர்கள் என்று பள்ளியில் முதலிலேயே கேளுங்கள். விருப்பப் பாடங்களை இயர் 9இலேயே தேர்ந்தெடுத்துவிடுவதால், தாமதமாக வருபவர்களுக்கு மிச்சமிருக்கும் பாடங்கள்தான் கிடைக்கும். மூன்று அறிவியலையும் தனித்தனியாகப் படிக்கும் பிரிவில் இடம் இருக்கிறதா, இரண்டு ஜிசிஎஸ்இக்குச் சமமான கூட்டு அறிவியல் மட்டும்தானா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஈஸ்ட் ஹாமை விட்டுவிடாதீர்கள். தமிழ்ச் சூழல் எங்கள் மகனின் தனிமையைக் குறைத்தது என்பதை என் கண்ணால் பார்த்தேன். இல்ஃபோர்டிலும் அந்தச் சூழல் உண்டு. எலிசபெத் ரயிலில் ஒயிட்சேப்பல் வந்து மாறினால் கேனரி வார்ஃப். இல்ஃபோர்ட் அடங்கிய ரெட்பிரிட்ஜ் பரோவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தலா ஒரு கிராமர் பள்ளி இருப்பதால் மகனின் கதவும் மூடிவிடாது.

சட்டன் தந்தை:
சட்டனில்தான் நாங்கள் இருக்கிறோம். ஆனாலும் உங்களுக்கு இப்போது அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கிராமர் பள்ளிக்கான தேர்வு இயர் 6 தொடங்கும் செப்டம்பரில் நடக்கிறது. மகனுக்கு இன்னும் முழுதாக இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. சட்டனில் டியூப் ரயில் கிடையாது. லண்டன் பிரிட்ஜ் வரை ரயிலில் போய் அங்கிருந்து ஜூபிலி பிடிக்க வேண்டும். உங்கள் கணவர் இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடு திரும்பினால், புது ஊரில் முதல் ஆண்டின் பாரம் முழுவதும் உங்கள் மீது விழும். ஒரே ஒரு கருத்து வேறுபாடு: மகன் சின்னவன், எங்கும் பொருந்திவிடுவான் என்று எண்ண வேண்டாம். இருவருடைய பள்ளியும் எதிரெதிர்த் திசையில் அமைந்தால் காலை எட்டரைக்கு இரண்டு இடத்திலும் ஒருவரே நிற்க முடியாது. மகள் தனியாகப் போய்வரும் வயதுதான். 11 முதல் 15 வயது வரை ஜிப் ஆய்ஸ்டர் என்னும் பயண அட்டை இருந்தால் பேருந்து இலவசம். எனவே மகனின் பள்ளி நடைதூரத்திலும், மகளின் பள்ளி ஒரே பேருந்திலும் இருந்தால் போதும்.

வடவள்ளி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் மாதம் அலுவலகம் தரும் தற்காலிகக் குடியிருப்பில் தங்குகிறோம். அந்த முகவரியை வைத்துப் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாமா?

ஹாரோவாசி:
பெரும்பாலான கவுன்சில்கள் வாடகை ஒப்பந்தத்தையோ கவுன்சில் வரி ரசீதையோதான் கேட்கும். குறுகிய காலத் தங்கலை ஏற்பதும் ஏற்காததும் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறுபடும் என்பதால், ரெட்பிரிட்ஜ், ஹாரோ, ஈஸ்ட் ஹாமுக்குரிய நியூஹாம் ஆகிய மூன்றுக்கும் எழுதிக் கேளுங்கள். பள்ளிகள் ஜூலை பிற்பகுதியில் மூடிவிடும், ஆகஸ்டில் அலுவலகங்களில் பதில் சொல்ல ஆள் கிடைப்பது அரிது. ஆகவே வந்திறங்கிய முதல் இரண்டு வாரங்களைப் பள்ளிகளை நேரில் பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். வீட்டுக்கான வைப்புத்தொகை, ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால், ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.