விடியுமுன்னே எர்ணாகுளத்தில் இறங்கினா குழந்தைகளுக்கு ரூம் எங்கே?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஊர் பாளையங்கோட்டை. வர்ற வெள்ளி ராத்திரி ரயிலேறி சனி, ஞாயிறு கொச்சி. பெரியவங்க மூணு பேர், 5 வயசுப் பையன், ஒன்றரை வயசுப் பாப்பா.

பாலருவி எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட் நகரவே மாட்டேங்கு. குருவாயூர் எக்ஸ்பிரஸில் பெர்த் கன்பார்ம், ஆனா அது இருட்டோட எர்ணாகுளம் சவுத்தில் இறக்கிவிட்டுரும். லாட்ஜ் செக்-இன் பகல் 12 மணி.

பாப்பா எந்திரிச்சதும் கேழ்வரகுக் கூழ் வேணும். பிளாஸ்க் வெந்நீரில் கரைச்சா மாவு வேகாது, பச்சை வாடை அடிக்கும், துப்பிருவா. கெட்டில் போட ஒரு பிளக்காவது வேணும். ரயிலில் கெட்டில் போடக்கூடாது.

ஸ்டேஷன் ஓய்வறையை பிஎன்ஆர் போட்டுப் பார்த்தாச்சு, காலியில்லை. பக்கத்து லாட்ஜுகளில் முந்தின நாள் வாடகையும் சேர்த்துக் கேக்காங்க. ஃபோர்ட் கொச்சி ஹோம்ஸ்டேயில் சீக்கிரம் விடுவாங்க, ஆனா அந்நேரத்துக்கு வாட்டர் மெட்ரோ படகு கிடையாது. தூங்குற பிள்ளைகளையும் பெட்டிகளையும் வச்சுக்கிட்டு ஒரே ஆட்டோவில் அஞ்சு பேர் போக முடியாது. மட்டாஞ்சேரி யூதக் கோயில் சனிக்கிழமை அடைப்பு, அதனால சனி காலை அவசரமா எங்கேயும் போக வேண்டியதில்லை.

சவுத் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், விடியுமுன்னே அரைநாள் வாடகைக்குக் குடும்பத்துக்கு ரூம் தர்ற இடம் எது?