பாரதி தெருக் குழு: இறந்த நாயும் பரிசோதனை அட்டையும்

மீனாட்சி, காலை 7.10
வணக்கம். நேற்று மாலை என் மகனை இரத்தம் வரக் கடித்த பழுப்பு நாய், இன்று தண்ணீர்த் தொட்டியருகே இறந்து கிடக்கிறது. பதினைந்து நிமிடத்தில் முடிவு காட்டும் மலிவான ரேபிஸ் பரிசோதனை அட்டை கிடைப்பதாக அண்ணன் சொல்கிறார். அதில் நோய் இல்லை என்று வந்தால் மீதி ஊசிகளை நிறுத்திவிடலாமா, செல்வி அக்கா?

செல்வி (கால்நடை மருத்துவர்), 7.16
நிறுத்தவே கூடாது, மீனாட்சி. உமிழ்நீரிலோ மூளைத் திசுவிலோ வைரஸின் புரதம் இருந்தால் அந்த அட்டையில் கோடு விழும். ஆனால் உமிழ்நீரில் வைரஸ் விட்டுவிட்டே வெளிப்படுவதாலும், அட்டைகளின் தரம் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடுவதாலும், நோயுள்ள நாயிடமும் கோடு விழாமல் போகலாம். கடிபட்டவரிடம் அறிகுறிக்கு முன்பே நோயைக் கண்டறியும் பரிசோதனையும் கிடையாது. அறிகுறி வந்தபின் உயிரைக் காப்பது ஏறக்குறைய இயலாது. காயத்தில் இம்யூனோகுளோபுலின், அதாவது வைரஸை உடனே தடுக்கும் ஆயத்த எதிர்ப்புப் புரத ஊசி, போட்டார்களா?

மீனாட்சி, 7.19
இல்லை, அக்கா. சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினோம். மருத்துவமனையில் கையில் ஊசி போட்டு, 3, 7, 28ஆம் நாள்களில் வரச் சொன்னார்கள்.

செல்வி, 7.21
இரத்தம் வந்த கடி மிகக் கடுமையான மூன்றாம் வகை என்பதால் இம்யூனோகுளோபுலினும் கட்டாயம் வேண்டும். இன்றே போய்க் கேளுங்கள்.

இராமசாமி, 7.30
அப்படியானால் இத்தகைய எளிய பரிசோதனைகளால் பயனே இல்லையா, அம்மா?

செல்வி, 7.41
மிகுந்த பயன் உண்டு, ஐயா. உறுதியான முடிவுக்கு மூளைத் திசுவில் ஒளிரும் சாயம் ஏற்றி, அதற்கான ஒளிர் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்; அந்த வசதி சில ஆய்வகங்களில்தான் இருக்கிறது, நம் வெயிலில் மாதிரி போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிடும். சாதாரண நுண்ணோக்கியே போதுமான ஒரு சாயமுறையை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் உருவாக்கியது; தான்சானியாவில் அதைக் களத்தில் சோதித்தபோது, 2006இல் வெளியான முடிவுகள் ஒளிர் முறையோடு நன்றாக ஒத்துப்போயின. மண்டையோட்டைப் பிளக்காமல், மண்டையோட்டில் பிடரிப் பக்கம் உள்ள துளைவழியே ஓர் உறிஞ்சுகுழலைச் செலுத்தித் திசுவை எடுக்கலாம். இவையெல்லாம் ஒன்றியத்துக் கால்நடை மருத்துவமனைக்கே வந்தால், நாய்க்கு நோய் என்று அன்றே தெரியும். அது தீண்டிய எல்லோரையும் தேடிப் பிடிக்கலாம். கேரளத்தில் நிபா வைரஸைக் கண்டறிய, மின்கலத்தில் இயங்கும் ட்ரூநாட் என்ற சிறிய மரபணுப் பரிசோதனைக் கருவி பயன்பட்டதே, அந்த வழிதான். நாயை யாரும் தொடாதீர்கள், கால்நடைத் துறைக்குச் சொல்லிவிட்டேன்.

பாத்திமா, 7.52
அக்கா, மூன்று நாள் முன்பு பிஸ்கட் கொடுத்த என் மகளை அந்த நாய் நகத்தால் கீறியது. இரத்தம் வராததால் பேசாமல் இருந்துவிட்டேன்.

செல்வி, 7.53
கீறலுக்கும் தடுப்பூசி வேண்டும். காயத்தை இப்போதே கழுவிவிட்டு, மீனாட்சியுடன் புறப்படுங்கள்.

மீனாட்சி, 7.54
வாசலில் ஆட்டோ நிற்கிறது, பாத்திமா. அழைத்து வாருங்கள்.