பிஎஃப்சென்ஸ், இரண்டு லைன்: வான்2-இல் போர்ட் ஃபார்வர்டு வேலை செய்யவில்லை

பொம்மனஹள்ளி_நெட்:
வணக்கம். பெங்களூரு ஆபீஸ், ஃபயர்வால் பிஎஃப்சென்ஸ். வான் (இணையப் பக்கம்) இரண்டு: வான்1 பழைய பிராட்பேண்ட், ஸ்டாட்டிக் ஐபி ஒன்று. புதிதாக வான்2-இல் லீஸ்டு லைன் வந்திருக்கிறது. வான் ஐபி 203.0.113.2/30, கேட்வே 203.0.113.1, தனியாக பப்ளிக் பூல் 198.51.100.8/29 கொடுத்திருக்கிறார்கள். ஐபிக்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். மாதக் கடைசி வரை டீஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வழக்கமான வழி) வான்1.

உள்ளே 192.168.10.0/24. இஆர்பி (கம்பெனி நிர்வாக மென்பொருள்) சர்வர் 192.168.10.20, போர்ட் 443. புதிய லைனுக்காக 198.51.100.10-க்கு ஒரு டெஸ்ட் பெயரும், அங்கே வருவதை சர்வருக்குத் திருப்பும் போர்ட் ஃபார்வர்டும் போட்டிருக்கிறேன்.

ஓசூர் யூனிட்டிலிருந்து அந்தப் பெயர் திறக்கவில்லை, டைம்அவுட். ஆபீஸ் வைஃபையிலிருந்தும் அதே கதை. இன்னொன்று: பேங்க் பேமென்ட் சர்வருக்குப் போகும் டிராஃபிக்கை மட்டும் வான்2 வழியாக அனுப்ப லேனில் (உள் நெட்வொர்க் பக்கம்) ரூல் இருக்கிறது. அவர்கள் 198.51.100.10-ஐத்தான் அனுமதித்திருக்கிறார்கள், ஆனால் அவர்களிடம் போய்ச் சேர்வது 203.0.113.2. ஃபயர்வால் லாகில் பிளாக் எதுவும் இல்லை. சர்வீஸ் கொடுப்பவர்கள் "எங்க பக்கம் எல்லாம் சரி" என்கிறார்கள்.

மடிவாளா_அட்மின்:
ரூலில் இப்போதைக்குக் கை வைக்காதீங்க. பாக்கெட் எந்த இடம் வரை வருகிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. டயக்னாஸ்டிக்ஸ் > பாக்கெட் கேப்சர் போய் மூன்று இடத்தில் பிடிங்க.

முதலில் வான்2. ஹோஸ்ட் 198.51.100.10, போர்ட் காலியாக விடுங்க. 443 என்று போட்டால் ஏஆர்பி (இந்த ஐபி யாரிடம் என்று லைனில் கேட்கும் கேள்வி) தெரியாமல் போய்விடும். நேட் (முகவரி மாற்றம்) ஆவதற்கு முந்தைய முகவரிதான் வானில் தெரியும் என்பதால் இங்கே 192.168.10.20 என்று தேடினால் எதுவும் கிடைக்காது. அடுத்து லேன், ஹோஸ்ட் 192.168.10.20, போர்ட் 443. கடைசியாக வான்1, ஹோஸ்ட் 198.51.100.10. வான்1-இல் எதற்கு என்று கேட்பீங்க, இரண்டு லைன் உள்ள ஆபீஸில் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் அது.

டெஸ்ட்டை மொபைல் டேட்டாவில் செய்யுங்க, வைஃபையை அணைத்துவிட்டு. உள்ளே இருந்து பார்ப்பது வேறு பிரச்சினை, இதோடு கலக்க வேண்டாம்.

வான்2-இல் என்ன தெரிகிறது என்பதை வைத்தே பூல் எப்படி வருகிறது என்று சொல்லிவிடலாம். டிசிபி சின் (கனெக்ஷனைத் தொடங்கும் முதல் பாக்கெட்) நேராக வந்து விழுந்தால் /29 முழுவதும் உங்க 203.0.113.2-க்கு ரவுட் ஆகியிருக்கிறது. அப்படியென்றால் 8 முதல் 15 வரை எட்டு ஐபியையும் நேட்டுக்குப் பயன்படுத்தலாம், விர்ச்சுவல் ஐபியில் (ஃபயர்வாலில் கூடுதலாகச் சேர்க்கும் ஐபி) 'அதர்' வகை போதும். அதற்குப் பதில் "198.51.100.10 யாரிடம் இருக்கிறது" என்று ஏஆர்பி கேள்வி மட்டும் வந்துகொண்டிருந்தால், அவர்கள் ரவுட்டர் பூலை நேரடியாக இன்டர்ஃபேஸில் வைத்திருக்கிறது. அப்போது 'ஐபி அலையாஸ்' போன்ற வகை போட்டால்தான் உங்க பாக்ஸ் பதில் சொல்லும். இரண்டுமே வரவில்லை என்றால் கேப்சரை அப்படியே அவர்களுக்கு அனுப்புங்க.

பொம்மனஹள்ளி_நெட்:
பார்த்தேன் சார். வான்2-இல் சின் நேராக வருகிறது, ஏஆர்பி இல்லை. லேனில் சின் 192.168.10.20-க்குப் போகிறது, சின்-ஆக் (சர்வரின் பதில்) திரும்பியும் வருகிறது. ஆனால் அந்த சின்-ஆக் வான்2-இல் இல்லை, வான்1 வழியாக வெளியே போகிறது, சோர்ஸ் 198.51.100.10. வான் ரூல்கள் இரண்டு லைனுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று இன்டர்ஃபேஸ் குரூப் ஒன்றில் இருக்கின்றன.

சில்க்போர்டு_ரவுட்டர்:
குரூப்தான் காரணம். வான்2 டேபிலேயே இருக்கும் ரூலுக்கு, அந்த இன்டர்ஃபேஸில் கேட்வே குறிப்பிட்டிருந்தால், பிஎஃப்சென்ஸ் தானாகவே ரிப்ளை-டு சேர்க்கும். கனெக்ஷன் எந்த லைனில் வந்ததோ அதே கேட்வேக்குப் பதிலும் போகும். குரூப் ரூலுக்கும் ஃப்ளோட்டிங் ரூலுக்கும் அதைத் தானாகச் சேர்க்காது. அதனால் சின்-ஆக் ரவுட்டிங் டேபிளைப் பார்த்து டீஃபால்ட்டான வான்1-க்குப் போய்விடுகிறது. தங்களுடையது அல்லாத சோர்ஸ் முகவரியோடு வரும் பாக்கெட்டை வான்1 கம்பெனி கீழே போட்டுவிடும். போடுவதுதான் முறையும்கூட, ஆர்எஃப்சி 2827 சொல்வது அதைத்தான். லாகில் பிளாக் தெரியாததும் இதனால்தான்: உங்க ஃபயர்வால் எதையும் தடுக்கவே இல்லை.

ஃபயர்வால் > ரூல்ஸ் > வான்2 டேபில் புது ரூல்: டிசிபி, டெஸ்டினேஷன் 192.168.10.20, போர்ட் 443. நேட் முடிந்த பிறகுதான் ரூல் பார்க்கப்படும், அதனால் அங்கே பப்ளிக் ஐபி போட்டால் பொருந்தாது. குரூப்பில் இருக்கும் 443 ரூலை எடுத்துவிடுங்க. குரூப் ரூல்தான் முதலில் படிக்கப்படும், அது இருக்கும்வரை வான்2 ரூலுக்கு வேலையே வராது. வான்1-க்கு வேண்டியதை வான்1 டேபில் தனியாகப் போடுங்க. நேட் பக்கத்தில் 'ஃபில்டர் ரூல் அசோசியேஷன்' பழைய ரூலோடு கோத்திருந்தால் அதையும் பாருங்க.

பிறகு டயக்னாஸ்டிக்ஸ் > ஸ்டேட்ஸில் 192.168.10.20 என்று ஃபில்டர் செய்து அந்த ஸ்டேட்களை (ஃபயர்வால் நினைவில் வைத்திருக்கும் கனெக்ஷன்கள்) மட்டும் கில் பண்ணுங்க. பழைய ஸ்டேட் உயிரோடு இருந்தால் புதிய ரூல் அதற்குப் பொருந்தாது. மொத்த ரீசெட் வேண்டாம், ஆபீஸில் எல்லோருடைய கனெக்ஷனும் அறுந்துவிடும்.

பேங்க் விஷயம் அவுட்பவுண்ட் நேட், அதாவது வெளியே போகும்போது நடக்கும் முகவரி மாற்றம். ஆட்டோமேட்டிக்கில் எப்போதும் வெளியேறும் இன்டர்ஃபேஸின் ஐபிதான் போகும், அதுதான் அந்த 203.0.113.2. ஹைப்ரிட்டுக்கு மாற்றி ஒரு ரூல்: இன்டர்ஃபேஸ் வான்2, சோர்ஸ் 192.168.10.0/24, டிரான்ஸ்லேஷன் 198.51.100.10. இன்டர்ஃபேஸ் என்று கேட்கும் இடத்தில் லேன் என்று போட்டுவிடுவார்கள், அது வெளியேறும் பக்கம். சோர்ஸில் 'எனி' வேண்டாம், ஃபயர்வாலே அனுப்பும் கேட்வே பிங்கும் அதில் சிக்கும்.

ஓசூர்கேபிள்:
சர்வருக்கு 1:1 நேட் (ஒரு பப்ளிக் ஐபியை அப்படியே ஒரு சர்வருக்குக் கட்டுவது) போட்டால் உள்ளே வருவது, வெளியே போவது இரண்டும் ஒரே ரூலில் முடியாதா?

சில்க்போர்டு_ரவுட்டர்:
சர்வர் மட்டும் பேங்க்கோடு பேசினால் முடியும். இங்கே அக்கவுண்ட்ஸ் பிசிக்களும் அதே .10-ஆகப் போக வேண்டியிருக்குமே. அவுட்பவுண்ட் ரூலே நல்லது.

மடிவாளா_அட்மின்:
வைஃபை விஷயத்துக்கு வருகிறேன். பிசி 192.168.10.55 என்று வைத்துக்கொள்ளுங்க. அது 198.51.100.10-ஐக் கூப்பிடுகிறது. ரிஃப்ளெக்ஷன் (உள்ளிருந்து பப்ளிக் ஐபியைக் கூப்பிட்டாலும் ஃபார்வர்டு செய்யும் வசதி) இல்லையென்றால் போர்ட் ஃபார்வர்டு வான்2-இல் வருவதற்கு மட்டும்தான், உள்ளிருந்து வருவது அதில் படாது. ரிஃப்ளெக்ஷனை மட்டும் போட்டாலும் போதாது. சர்வரும் பிசியும் ஒரே சப்நெட், அதனால் சர்வர் ஃபயர்வாலுக்குத் திருப்பாமல் நேராக .55-க்கே பதில் அனுப்பும். பிசி எதிர்பார்ப்பது 198.51.100.10-இன் பதிலை. 192.168.10.20-இலிருந்து வந்தால் யாரோ என்று ரீசெட் அடித்துவிடும்.

என் தேர்வு டிஎன்எஸ்தான். சர்வீசஸ் > டிஎன்எஸ் ரிசால்வரில் ஹோஸ்ட் ஓவர்ரைடு போட்டு, அந்தப் பெயருக்கு 192.168.10.20. உள் டிராஃபிக் ஃபயர்வாலைத் தொடவே தொடாது. டிஎச்சிபியில் (பிசிக்களுக்கு ஐபி கொடுக்கும் இடம்) டிஎன்எஸ் ஆக 8.8.8.8 கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்க. பிரவுசரில் செக்யூர் டிஎன்எஸ் ஆன் ஆகியிருக்கும் பிசிக்கும் இது எட்டாது.

வெளியே 8443, உள்ளே 443 என்று போர்ட் மாறினால் டிஎன்எஸ் உதவாது. அப்போது 'பியூர் நேட்' ரிஃப்ளெக்ஷனும், அதற்கான ஆட்டோமேட்டிக் அவுட்பவுண்ட் நேட் டிக்கும் சேர்த்தே வேண்டும். சர்வர் லாகில் உள் பிசிக்கள் எல்லாம் ஃபயர்வால் ஐபியாகத் தெரியும், அது ஆடிட்டில் இடிக்கும்.

பொம்மனஹள்ளி_நெட்:
ஓசூர் திறக்கிறது, வான்2 கேப்சரில் சின்-ஆக் வருகிறது. பேங்க்கும் சரி. உள்ளேயும் ஓவர்ரைடு போட்டதும் திறந்துவிட்டது. ரொம்ப நன்றி சார். இரண்டு சந்தேகம்: டேலி பார்க்க 3389-ஐயும் (ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்) இதேபோல் ஃபார்வர்டு செய்யச் சொல்கிறார்கள். மாதக் கடைசியில் டீஃபால்ட்டை மாற்றும்போது என்ன பார்க்க வேண்டும்?

மடிவாளா_அட்மின்:
3389-ஐ இணையத்துக்குத் திறக்காதீங்க, யார் கேட்டாலும். போர்ட் நம்பரை மாற்றி வைத்தாலும் ஸ்கேனர்கள் கண்டுபிடித்துவிடும். அதற்குப் பதில் விபிஎன் வழியாக வரட்டும்: ஓபன்விபிஎன் சர்வரை வான்2 இன்டர்ஃபேஸில் கட்டி, யூடிபி 1194-ஐ வான்2 டேபில் மட்டும் திறங்க. வயர்கார்டு (இன்னொரு விபிஎன்) டீஃபால்ட் அல்லாத லைனில் தகராறு செய்யும், அதை ஒரு குறிப்பிட்ட ஐபியோடு கட்ட முடியாது.

மாற்றத்துக்கு முந்தைய நாளே இஆர்பி பெயரின் ஏ ரெக்கார்டு (பெயருக்கு ஐபி சொல்லும் டிஎன்எஸ் பதிவு) டிடிஎல்-ஐ (பிறர் அதை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 வினாடிக்கு இறக்குங்க. அடுத்த நாள் சிஸ்டம் > ரவுட்டிங்கில் டீஃபால்டை வான்2 ஆக்கி, ஏ ரெக்கார்டை .10-க்கு மாற்றி, உள்ளே அந்தப் பெயருக்கும் ஓவர்ரைடு சேர்த்து, வான்1 ஃபார்வர்டை ஒரு வாரம் அப்படியே விட்டுவையுங்க. அப்போது எல்லா பிசியும் .10 ஆகத்தான் வெளியே போகும். வைஃபைக்கு வேறு ஐபி வேண்டுமென்றால் வைஃபையை முதலில் தனி விலானுக்கு (தனி உள் நெட்வொர்க்) பிரித்து, அந்த சப்நெட்டுக்கு .11-இல் இன்னொரு அவுட்பவுண்ட் ரூல் போடுங்க.