கருவாடு விக்க வேர்ட்பிரஸ் போடலாமா, ஒத்தப் பக்கம் போதுமா?

உப்புக்காத்து:
எல்லாருக்கும் வணக்கம். பாம்பன் பக்கம் எங்க ஊரு மகளிர் குழுவுக்கு வெப்சைட் ஒன்னு போடணும். நெத்திலி, சீலாத் துண்டம், திருக்கை, வாளை, காரல்னு கருவாடு பத்துப் பதினஞ்சு வகை வரும். கணக்கு வழக்கு பாக்குறது நான்தான். சென்னையில ஒரு கம்பெனியில கேட்டா, "எங்க சொந்த சாஃப்ட்வேர்ல பண்ணித் தர்றோம், மாசாமாசம் வாடகை"ங்குறாக. எங்க மாமா பையன் "வேர்ட்பிரஸ்னு வெப்சைட் போடுற மென்பொருள் ஒன்னு, ஓப்பன் சோர்ஸ், கோடு எல்லாருக்கும் தொறந்து கெடக்கும், காசு கிடையாது, நம்மளே போட்டுக்கலாம்"ங்குறான். விலை அடிக்கடி மாறும். குழுவுல இருக்கவுக கையில எல்லாம் போன் மட்டும்தான், கம்ப்யூட்டர் எங்கிட்ட ஒன்னு கெடக்கு. எதுல போகலாம்?

சர்வர் சண்டியர்:
தங்கச்சி, யோசிக்கவே வேண்டாம், வேர்ட்பிரஸ். பி2ன்னு ஒரு ப்ளாக் மென்பொருள ஆக்குனவரு அம்போன்னு விட்டுட்டுப் போனப்ப, மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் அத எடுத்து 2003ல வளத்து விட்டதுதான் இது. யாரும் எடுத்து மாத்திக்கலாம்ங்குற ஜிபிஎல் லைசென்ஸ்ல இருந்ததால யாரும் யாருகிட்டயும் அனுமதி கேக்கல. இன்னைக்கு உலகத்துல இருக்க வெப்சைட்டுல 40 சதவீதத்துக்கு மேல இதுலதான் ஓடுது. அதனால உனக்கு என்ன லாபம்னா, சைட்டு போட்டுக் குடுத்த பையன் துபாய் போயிட்டாலும் ராம்நாட்டுலயே இன்னொருத்தன் கிடைப்பான். சென்னை கம்பெனி கடைய மூடுனா உன் சைட்டும் அதோட மூடும். உள்ள என்ன எழுதிருக்குன்னு பாக்கக்கூட உனக்கு வழி இருக்காது.

ஒத்தப்பக்கம்:
//யோசிக்கவே வேண்டாம்//
முதல்ல அதத்தான் யோசிக்கணும். பதினஞ்சு கருவாடு, ஒரு போன் நம்பர், ஒரு மேப். இதுக்குப் போயி ஓட்ட பிஎச்பி, சேமிக்க டேட்டாபேஸ், தோற்றத்துக்குத் தீம், கூடுதல் வசதிக்கு ப்ளக்இன்னு அடுக்குறது விசைப்படகு வாங்கிக் கம்மாயில விட்ட கதை. ஹ்யூகோவும் ஓப்பன் சோர்ஸ்தான். பக்கத்த வெறும் எச்டிஎம்எல் கோப்பா ஆக்கிக் குடுத்துரும். அதுல லாகினே கிடையாது, அப்புறம் எதுக்குள்ள பூந்து எத உடைப்பான்? வேர்ட்பிரஸ் போட்டுப் பாருங்க, கொஞ்ச நேரத்துலயே எங்கெங்க இருந்தோ பாட்னு சொல்ற தானியங்கி நிரல் வந்து லாகின் பக்கத்தத் தட்டும். சர்வர் லாக்கைத் தொறந்து பாத்தவனுக்குத் தெரியும்.

சர்வர் சண்டியர்:
சரி, ஹ்யூகோல நெத்திலி விலைய யாரு மாத்துவா? ஃபைலத் தொறந்து, திருத்தி, கிட்ல ஏத்தி, பில்ட் பண்ணி... மீனு கழுவுன கையோட கரையில நிக்கிற அக்காகிட்ட இதச் சொல்லிப் பாருங்க, அதே கையால ஒன்னு வைப்பாக. வேர்ட்பிரஸ்ல போன் ஆப் இருக்கு. தொறந்து, பழைய விலைய அழிச்சு, புதுசு எழுதி, அப்டேட்ட அமுக்குனா முடிஞ்சது.

நீங்க சாயல்குடிக்காரர்தானே, தெரியாததா? ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது, கருவாடு விலை கிடுகிடுன்னு ஏறும். ஐப்பசி கார்த்திகையில மழை ஊத்துச்சுன்னா காயப் போடவே முடியாது. இந்த வியாபாரத்துல விலைப்பட்டியல் எழுதுன மை காயுறதுக்குள்ள பழசாயிரும்.

ஒத்தப்பக்கம்:
விலைய கூகுள் ஷீட்ல வைங்க. பக்கம் அதுல இருந்து எடுத்துக் காட்டும். ஷீட்டுக்கும் போன் ஆப் இருக்கு, தெரியும்ல?

தொண்டி மாப்ள:
ரெண்டு பேரும் எதுக்கு மல்லுக்கட்டுறீக? வாட்ஸ்அப்ல கேட்டலாக் போட்டு விட்டா வேல முடிஞ்சுது. வெப்சைட் பாத்து எவன் கருவாடு வாங்குறான்?

உப்புக்காத்து:
அண்ணே, வாட்ஸ்அப்ல இப்பவே வித்துக்கிட்டுத்தான் இருக்கோம். நம்பர் ஒரு அக்கா போன்ல இருக்கு. அவுக தூத்துக்குடிக்கு மக வீட்டுக்குப் போனா ஆர்டர் அப்படியே நிக்கிது. கோயம்புத்தூர், பெங்களூர்ல இருந்து கேக்குறவுக எல்லாம் யாரோ நம்பர் குடுத்து வந்தவுகதான். கூகுள்ல தேடுனா நாங்க எங்கயுமே இல்ல.

கீழக்கரை காக்கா:
நான் ஜூம்லா ஆளு, அதுவும் வேர்ட்பிரஸ் மாதிரி ஓப்பன் சோர்ஸ்தான். 2005ல மாம்போங்குற பழைய மென்பொருள்ல இருந்து பிரிஞ்ச காலத்துலேந்து அதுலதான் பொழங்குறேன். தமிழ், இங்கிலீஷ் ரெண்டு மொழிக்கும் வசதி அதுல உள்ளயே இருக்கு. வேர்ட்பிரஸ்ல அதுக்குத் தனியா ப்ளக்இன் தேடணும். ஆனா சண்டை அதுல இல்லம்மா. நீ எதுல வேணா போடு, டொமைன், அதான் சைட்டோட முகவரிப் பேரு, யாரு பேர்ல வாங்கப் போறேன்னு முதல்ல சொல்லு.

எனக்குத் தெரிஞ்ச ஒரு கடை, ஊர் பேரு வேண்டாம். டொமைன், சைட்ட வைக்கிற ஹோஸ்டிங் இடம் ரெண்டையும் சைட்டு போட்ட ஆளே அவரு ஈமெயில்ல வாங்கிட்டாரு. அப்புறம் அவரு நம்பர் மாறிப் போச்சு. புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில் எல்லாம் அவரு பெட்டியில தூங்குது. டாட் காம்ல தேதி தாண்டுனா கொஞ்ச நாள் சலுகை உண்டு, அப்புறம் 30 நாள் ரிடெம்ப்ஷன்னு கூடுதல் காசு கட்டி மீட்கணும், அதையும் விட்டா 5 நாள்ல அழிஞ்சு சந்தைக்கு வந்துரும். அப்படி வந்தத எவனோ வாங்கி அதுல சூதாட்ட விளம்பரம் ஓட்டுறான். அந்தக் கடை போட்டிருந்ததும் ஓப்பன் சோர்ஸ்தான். எந்த லைசென்ஸ் வந்து காப்பாத்துச்சு?

சர்வர் சண்டியர்:
காக்கா சொன்னது நூத்துக்கு நூறு. குழு பேர்ல தனி ஈமெயில் ஆரம்பிச்சு, அதுலதான் எல்லாத்தையும் வாங்கணும். ஆனா ஜூம்லா வேண்டாம் காக்கா. ஜூம்லா 3க்கு 2023 ஆகஸ்ட்டோட ஆதரவு முடிஞ்சுச்சு, 4, 5ன்னு ஏறணும். ராம்நாட்டுல ஜூம்லா தெரிஞ்ச சின்னப் பையன் ஒருத்தனக் காட்டுங்க பாப்போம். ட்ரூபல்னு இன்னொன்னு, அது பெரிய ஆபீசுக்கு ஆகும். அதுலயும் 2011ல வந்த ட்ரூபல் 7 2025 ஜனவரி வரைக்கும் இழுத்துக்கிட்டு ஓடுச்சு, காரணம் 8க்கு மாறுறதும் சைட்ட முதல்லேந்து கட்டுறதும் ஒன்னுங்குற நெலம.

கீழக்கரை காக்கா:
இந்தக் கரையில சின்னப் பையன் எவன்டா நிக்கிறான், ஜூம்லா படிக்க.

உச்சிப்புளி வாத்தியார்:
ஒரு செய்தி. பக்கத்துக்குத் தமிழில் தலைப்பிட்டால், வேர்ட்பிரஸ் முகவரியையும் தமிழிலேயே அமைத்துக்கொள்ளும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதைச் சேமிக்கும் இடத்தில் 200 குறிகளுக்குத்தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியீடும், அதாவது 'க' ஒன்று, கால் ஒன்று, புள்ளி ஒன்று என்று தனித்தனியே, சதவீதக் குறியிட்டு எழுதும்போது 9 இடத்தை விழுங்கிவிடும். ஆக 22 குறியீட்டுக்கு மேல் நிற்காது.

"பாம்பன் நெத்திலிக் கருவாடு" என்று தலைப்பிட்டுப் பாருங்கள். முகவரி "பாம்பன்-நெத்திலிக்-கருவா" என்று நின்றுவிடும். 'டு' வெட்டுப்படும். அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் ஒட்டினால், பல நேரம் சதவீதக் குறியும் எண்ணுமாக ஒரு முழ நீளத்துக்கு விழும். கிராமத்துப் பெண்கள் அனுப்பியதைப் பார்த்து வைரஸ் என்று அஞ்சி அழித்தவர்கள் உண்டு. தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரியைக் கையால் சுருக்கமாக ஆங்கில எழுத்தில் இட்டுவிடுங்கள். பழைய விலைப்பட்டியல் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் காட்டும் பாமினி எழுத்துருவில் இருந்தால் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிய பிறகே ஏற்றுங்கள். இல்லையேல் கூகுளுக்கு அது வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான்.

உப்புக்காத்து:
ஐயா, பட்டியல் முழுக்க பாமினிதான்! எங்க டிடிபி கடைக்காரர் போட்டது.

ஒத்தப்பக்கம்:
வாத்தியார் ஐயாவுக்கு நன்றி. ஹ்யூகோ மாதிரி, முகவரிய நம்மளே வைக்கிற ஸ்டாட்டிக் சைட்டுல இந்த வெட்டுக்குத்து கிடையாதுங்கறதயும் சேத்துக்குங்க.

இப்ப முக்கியமானதுக்கு வர்றேன். சண்டியர் அண்ணே, ராமேஸ்வரத்துல ஒரு லாட்ஜ் சைட்ட நான் சுத்தம் பண்ணிக் குடுத்தேன். காசு குடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்ன எங்கயோ ஓசியில இறக்கிப் போட்டிருந்தாக. லாட்ஜ் பேரக் கூகுள்ல தட்டுனா கீழ வரிசையா ஜப்பான் எழுத்து, கைப்பை விக்கிற பக்கமா வருது. முதலாளி நேரா முகவரி அடிச்சுப் பாத்தா சைட்டு சுத்தமா இருக்கு. கூகுள்ல இருந்து வர்ற பாட்-க்கு ஒரு பக்கம், மனுசனுக்கு ஒரு பக்கம்னு பிரிச்சுக் காட்டுது. தீமோட ஃபங்ஷன்ஸ் ஃபைல்ல, கடைசி வரிக்கு ரொம்பக் கீழ, வெத்து வரியா விட்டு ஒளிச்சு ஒரு நீளமான எழுத்துக் குவியல். அதத்தான் ஒவ்வொரு தடவையும் பிரிச்சு ஓட்டிக்கிட்டு இருந்துச்சு. அத அழிச்சா மறுநாள் அப்லோட்ஸ் ஃபோல்டர்ல இருந்து இன்னொன்னு முளைக்குது. இந்த வேலையெல்லாம் மகளிர் குழு பாக்குமா?

சர்வர் சண்டியர்:
திருட்டுத் தீம் போட்டதுக்கு வேர்ட்பிரஸ் என்ன பண்ணும்? கூடவே வர்ற தீமே கருவாட்டுக்குத் தாராளம். சின்னப் பாதுகாப்பு அப்டேட் எல்லாம் 2013ல 3.7 வந்ததுலேந்து தானாவே போட்டுக்குது. ப்ளக்இன்னுக்கும் 2020ல இருந்து ஒரு கிளிக்ல ஆட்டோ அப்டேட் வைக்கலாம்.

ஒத்தப்பக்கம்:
ஆட்டோ அப்டேட் ஆகி ராத்திரி சைட்டு வெள்ளையா நின்னா காலையில யார எழுப்புறது, உங்களையா? ப்ளக்இன் ஆக்குனவன் கைவிட்டுட்டா அப்டேட்டே வராது, அது தனிக் கதை. அப்புறம், 2024ல முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்சின்ங்குற ஹோஸ்டிங் கம்பெனிக்கும் வந்த சண்டையில என்ன ஆச்சு? முல்லன்வெக் தரப்பு ஆளுக அந்தக் கம்பெனி கஸ்டமர் சைட்டுக்கெல்லாம் வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்ல இருந்து ப்ளக்இன் அப்டேட் வர்ற வழிய அடைச்சாங்க. கம்பெனி வச்சிருந்த ஒரு பிரபலமான ப்ளக்இன்னோட பக்கத்தையே பேர மாத்தி எடுத்துக்கிட்டாங்க. கோர்ட்டு வரைக்கும் போயித்தான் வழி தொறந்துச்சு. "யாருகிட்டயும் அனுமதி கேக்க வேண்டாம்"னு மேல எழுதுனது யாரு?

சர்வர் சண்டியர்:
அந்தச் சண்டை அசிங்கம்தான், மறுக்கல. ஆனா அன்னைக்கும் ஒரு சைட்டுகூட நிக்கலயே. கோடு அவங்கவங்க சர்வர்ல இருந்துச்சு, ஓடுச்சு. இதே சென்னை கம்பெனி வாடகை சாஃப்ட்வேரா இருந்தா ஒரு சுவிட்ச்ச அமுக்குனா இருட்டு. அதத்தான் நான் சொல்றேன்.

ராத்திரி வெள்ளையா நின்னா கூப்பிடு தங்கச்சி, எழுந்திருக்கிறேன். இல்லன்னா பேக்கப் இருக்கணும். டேட்டாபேஸ் ஒன்னு, படம், தீம், ப்ளக்இன் கெடக்குற டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டர் ஒன்னு, இந்த ரெண்டும் கையில இருந்தா எந்த ஹோஸ்டிங்லயும் திரும்பக் கட்டிரலாம். அப்டிராஃப்ட்பிளஸ்ங்குற பேக்கப் ப்ளக்இன் போட்டு, குழு ஈமெயிலோட கூகுள் டிரைவுக்கு வாராவாரம் போற மாதிரி வச்சுரு. ஹோஸ்டிங்காரன் பேக்கப் எடுப்பான்னு மட்டும் உக்காந்திராத. பேக்கப்பும் அதே சர்வர்ல கெடந்தா ரெண்டும் சேந்து போகும்.

உப்புக்காத்து:
ரெண்டு கேள்வி. ஒன்னு, ஷாப்பிங் கார்ட், ஆன்லைன் பேமெண்ட் எல்லாம் வைக்கணுமா? ரெண்டாவது, எனக்கு வர்ற வருசம் கல்யாணம். போயிட்டா இதப் பாக்க ஆளு வேணும். நாலாங்கிளாஸ் வரைக்கும் படிச்ச எங்க தலைவி அக்காவால முடியுமா?

கீழக்கரை காக்கா:
மாஷா அல்லாஹ், வாழ்த்துகள்மா. மாப்ள எந்த ஊரு?

கார்ட் வேண்டாம். கருவாட்டுல இருப்பு எப்பவும் உறுதி கிடையாது. ஒருத்தன் கார்ட்ல மூணு கிலோ போட்டுப் பணம் கட்டுன பிறகு "இல்லீங்க"ன்னா திட்டு வாங்கணும், பணத்தத் திருப்பணும். பேமெண்ட் கேட்வே வச்சா பேங்க் கார்டுக்கு சுமார் 2 சதவீதம் வேற கழியும். விலையப் போட்டு, கீழ வாட்ஸ்அப் பட்டன் வை. பேசி, இருக்குன்னு சொல்லி, யுபிஐல வாங்கு. எஃப்எஸ்எஸ்ஏஐ உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ண பக்கத்துல போட்டுரு, பெங்களூர்க்காரன் முதல்ல அதத்தான் பாப்பான்.

ஒத்தப்பக்கம்:
ஆக கார்ட் இல்ல, பேமெண்ட் இல்ல, விலையும் பட்டனும் மட்டும். நான் முதல் பதிவுல சொன்ன ஒத்தப் பக்கம்தானே இது?

சர்வர் சண்டியர்:
பக்கம் ஒன்னுதான். அத மாத்துறது யாருங்குறதுலதான் நமக்குள்ள தகராறு. அந்தத் தலைவி அக்காவுக்கு அட்மின் குடுக்காத தங்கச்சி, எடிட்டர் பொறுப்பு மட்டும் குடு. விலைய மாத்தலாம், தீமத் தொட முடியாது, ப்ளக்இன்ன நீக்க முடியாது. என்னத்த அமுக்குனாலும் சைட்டு கவுறாது. பழைய விலைப்பக்கமும் ரிவிஷன்ல கிடைக்கும். ஷீட்ல ஒரு வரிய முழுசா அழிச்சுட்டா உங்க பக்கம் என்ன காட்டும் சாயல்குடி அண்ணே?

ஒத்தப்பக்கம்:
ஷீட்லயும் வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கு. நாலாங்கிளாஸ் அக்கா அதத் தேடி எடுப்பாகளான்னு கேட்டா, மாட்டாக. அதே அக்கா உங்க ரிவிஷனத் தேடி எடுப்பாகளா?

தொண்டி மாப்ள:
😂 ரெண்டு பேரும் போயி அந்த அக்காகிட்டயே கேளுங்கப்பா.

உப்புக்காத்து:
கேட்டேன். மாமா பையன் ஹோஸ்டிங்ல போட்டு வச்சிருந்த சோதனைப் பக்கத்தையும், ஒரு ஷீட்டையும் போன்ல காட்டுனேன். ஷீட்ல கட்டம் சின்னதா இருக்கு, விரலு வேற கட்டத்துல விழுகுதுன்னுட்டாக. வேர்ட்பிரஸ் ஆப்ல வாளை விலைய அவுகளே மாத்திட்டாக, ஆனா "ரூ" விட்டுப் போச்சு. வேர்ட்பிரஸ்லயே போறோம். கார்ட் கிடையாது, வாட்ஸ்அப் பட்டன்தான். டொமைன் குழு ஈமெயில்ல வாங்கியாச்சு காக்கா, பாஸ்வேர்ட எழுதிக் குழு மினிட் புக்கோட பீரோவுல வச்சாச்சு. மாப்ள மண்டபம்தான்.

ஒத்தப்பக்கம்:
சரி. எனக்கு இன்னும் ஒப்புதல் இல்ல, ஆனா போடுறதுன்னு ஆச்சு. ப்ளக்இன் அஞ்சுக்கு மேல போகக் கூடாது. வெளி ஆப் உள்ள வர்ற பழைய வாசலான எக்ஸ்எம்எல்-ஆர்பிசிய அடைக்கணும்னுதான் சொல்லுவேன், ஆனா அதுக்கு முன்ன உங்க ஆப் அது இல்லாம லாகின் ஆகுதான்னு பாத்துக்குங்க. கருவாட்டுப் படத்த போன்ல எடுத்தபடியே ஏத்தாதீங்க, ஒன்னொன்னும் நாலு எம்பி வரும். சுருக்கி ஏத்துங்க, தனுஷ்கோடி பக்கம் சிக்னல் என்ன லட்சணம்னு தெரியும்ல.

உப்புக்காத்து:
சரிண்ணே. ஹோஸ்டிங்ல பிஎச்பி 7.4ன்னு காட்டுது, அது பரவாயில்லயா?

சர்வர் சண்டியர்:
வேண்டாம். 7.4 செத்தே போச்சு, 2022 நவம்பர்லயே. கண்ட்ரோல் பேனல்ல பிஎச்பி வெர்ஷன்னு ஒரு இடம் இருக்கும், 8.3க்கு மேல எது இருக்கோ அத எடு. அது இல்லன்னு சொன்னாகன்னா பணத்தத் திருப்பி வாங்கிட்டு வேற ஹோஸ்டிங் பாரு.