நகராட்சி ஊழியர்களுக்கு ரகசிய மனநல ஆலோசனை: ஏற்பாடு செய்தும் ஆள் வரவில்லை

மேலாளர்_சீட்

ஒரு நகராட்சியில் அலுவலக மேலாளராக இருக்கிறேன். நிரந்தரம், ஒப்பந்தம் எல்லாம் சேர்த்து முந்நூறு பேருக்கு மேல். போன வருடம் எங்கள் பில் கலெக்டர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார், வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்த்த பிறகுதான் குடி, கடன், தூக்கமில்லை என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அப்புறம் ஆணையரிடம் பேசி, மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து ஓர் ஆலோசகரை மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமை வரவழைக்கிறோம். பேசுவது வெளியே போகாது, தேவைப்பட்டால் சரியான இடத்துக்கு அனுப்பி வைப்போம் என்று சுற்றறிக்கை விட்டு எல்லோரிடமும் கையெழுத்தும் வாங்கினேன். மூன்று மாதத்தில் வந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் பிரஷர் பார்க்கிறார்கள் என்று நினைத்து வந்தவர். எங்கே தப்பு?

மஸ்டர்_6_மணி

சார், அறை எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்கு என்று நீங்கள் சொல்லவே இல்லையே. நான் தூய்மைப் பணி மேற்பார்வை. எங்கள் ஆட்கள் விடியற்காலை மஸ்டரில், அதாவது வருகைப் பதிவில், நின்றுவிட்டு வண்டியோடு போனால் மதியம்தான் திரும்புவார்கள், காலை 11 மணிக்கு ஆலோசகர் வந்தால் யார் பார்ப்பது?

இன்னொன்று. இங்கே பலருடைய ஏ.டி.எம். கார்டு வட்டிக்காரர் கையில் இருக்கிறது, சம்பளம் விழுந்த அன்றைக்கே அவரே எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். கார்டைக் கொடுத்துவிட்டு நிற்கிறவனிடம் போய் மூச்சை இழுத்து விடச் சொன்னால் சிரிப்பான். முதலில் கார்டு திரும்ப வேண்டும். ஒப்பந்த ஆள் என்றால் இன்னும் மோசம், நாளைக்கு வராதே என்று மேஸ்திரி வாயால் சொன்னாலே வேலை போச்சு.

மேலாளர்_சீட்

காலை 11 மணிதான். அறை, ஊழியர்களின் பணி விவகாரம் பார்க்கும் எஸ்டாபிளிஷ்மென்ட் செக்‌ஷனுக்கு எதிரில். வருகிறவர்கள் பெயர் எழுத ஒரு பதிவேடும் வைத்திருக்கிறேன், நாளைக்குத் தணிக்கையில் கேட்பார்களே என்று.

கவுன்சலிங்_அக்கா

அய்யோ, பதிவேட்டை முதலில் எடுங்கள் சார். நானும் இந்த வேலையில்தான் இருக்கிறேன். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சைக்கு வருபவரின் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்கிறது, அந்தக் கடமை எங்களுக்கு. பெயர் எழுதிய பதிவேடு உங்கள் மேசையில் இருந்தால் நாங்கள் வாயை மூடி என்ன பயன்? உங்களுக்கு வேண்டியது எண்ணிக்கை மட்டும். இந்த மாதம் ஐந்து பேர் என்று ஆலோசகர் எழுதிக் கொடுத்தால் போதும். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் சிலரிடம் சொல்ல வேண்டிவரும், அதை முதல் நாளே வந்தவரிடம் சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் ஏமாற்றியது போல ஆகும்.

மஸ்டர் அண்ணன் சொன்ன கடன் விஷயத்துக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். கந்துவட்டிக்கு 2003லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. குடிக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனை. ஆனால் ஒரு சீட்டில் விலாசம் எழுதிக் கொடுத்து அனுப்பினால் போகமாட்டார்கள், அங்கே இருக்கிறவரிடம் ஆலோசகரே போனில் பேசி, இந்த நாள் இந்த நேரம் என்று வாங்கித் தர வேண்டும். நேரில் வரவே தயங்குகிறவர்களுக்கு 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

ரெக்கார்டு_ரூம்

வேறு ஒரு ஊர் நகராட்சியில் கிளார்க். எனக்கு ரகசியம் போனது ஆலோசகரால் இல்லை, விடுப்பு விண்ணப்பத்தால். மருத்துவச் சான்றில் மனநலப் பிரிவு முத்திரை இருந்தது. அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்தேன், பதிவு செய்தவர் படித்தார், மதியம் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் என்னிடம் ரொம்ப மெதுவாகப் பேசினார்கள். அடுத்த மாதம் கேஷ் சீட்டிலிருந்து ரெக்கார்டு ரூம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பணியில் இருக்கும்போது மாற்றுத்திறன் ஏற்பட்டவரை நீக்கவோ தரம் இறக்கவோ கூடாது என்கிறது, அந்தப் பட்டியலில் மனநோயும் உண்டு. சீட் மாற்றியது தரம் இறக்கியதாக ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் சார், சான்றை உறையில் ஒட்டி உங்கள் கையில் நேராகக் கொடுக்கலாம் என்று ஒரு வரி சுற்றறிக்கையில் சேருங்கள். மேலே ‘மந்தணம்’ (ரகசியம்) என்று மட்டும் எழுத வேண்டாம், எங்கள் தபால் செக்‌ஷனில் அந்த உறையைத்தான் முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள்.

மேலாளர்_சீட்

அடுத்த மாதம் முதல் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றுகிறேன், மதியம் 2.30. அங்கே காய்ச்சலுக்கும் வருவார்கள், யார் எதற்கு வந்தார் என்று தெரியாது. பதிவேட்டில் ஏற்கெனவே எழுதிய இரண்டு பெயரை என்ன செய்வது?

கவுன்சலிங்_அக்கா

பதிவேட்டை அப்படியே ஆலோசகரிடம் கொடுத்துவிடுங்கள் சார். நகல் எடுக்காமல்.