ஷியாமென்னில் ஆல்ட்டோ வரிசை

குழு: தேக்கா வீடு

*வியாழன்*

அம்மா, காலை 9:12
இறங்கிவிட்டாயா? நேற்று இரவிலிருந்து ஒற்றை டிக்தான் காட்டுகிறது.

நான், 9:40
ஹோட்டலுக்கே வந்தாச்சு அம்மா. ஹோட்டல் வைஃபையில் வாட்ஸ்அப் திறக்காது. நம் சிம்மின் ரோமிங்கில் மட்டும்தான் வருகிறது. பதில் தாமதமானால் உடனே தூதரகத்துக்கு போன் போட்டுவிடாதீர்கள்.

தம்பி, 9:41
அம்மா நம்பரைத் தேடியே வைத்துவிட்டார்.

பெரியம்மா (மயிலாப்பூர்), 9:55
விசாவுக்கெல்லாம் ரொம்ப அலைந்தாயா?

நான், 9:58
விசாவே கிடையாது பெரியம்மா. 2024 பிப்ரவரியிலிருந்து சீனாவுக்குள் வர சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரை வேண்டாம். அலைச்சல் எல்லாம் எங்கள் பாடகர் குழுவின் பாட்டுகளுக்குத்தான். என்னென்ன பாடப் போகிறோம், ஒவ்வொன்றின் வரிகள், பொருள் எல்லாம் எழுதி முன்கூட்டியே அனுப்பினோம். நம் தாலாட்டின் பொருளை நான்தான் எழுதிக் கொடுத்தேன். "அத்தை அடித்தாளோ அரளிப்பூச் செண்டாலே" என்பதை ஓர் அதிகாரி படித்து என்ன நினைத்திருப்பாரோ.

சித்தி, 10:02
குடும்ப வன்முறை என்று நினைத்திருப்பார் 😂

தாத்தா, 10:20
ஷியாமென் என்பது நம்ம அமோய்தானே. தேக்கா சந்தையில் என் பக்கத்துக் கடை மீன்காரரின் அப்பா அங்கிருந்து கப்பலேறி வந்தவர். அந்த ஊர் மொழி ஹோக்கியன், அதையே பேசு. மாண்டரின் வேண்டாம்.

நான், 10:22
தாத்தா, எனக்குத் தெரிந்த ஹோக்கியன் எல்லாம் கோப்பிக் கடையில் ஆர்டர் கொடுக்கிற அளவுதான்.

தாத்தா, 10:23
அது போதும்.

*வெள்ளி*

நான், மதியம் 1:15
[படம்] [படம்] [படம்]
குலாங்யூ தீவு. படகு டிக்கெட்டுக்கும் பாஸ்போர்ட் கேட்டார்கள். தீவுக்குள் கார், மோட்டார் சைக்கிள் எதுவும் கிடையாது. சாமான்களைக் கைவண்டியில் இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறுகிறார்கள். 2017-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். பழைய தூதரகங்கள், தேவாலயங்கள், ஆலமர விழுதுகள் தொங்கும் மதில்கள். பியானோ தீவு என்றே இதற்குப் பெயர். பியானோவுக்கென்று தனி அருங்காட்சியகமும் இருக்கிறது.

தம்பி, 1:18
பாடினீர்களா?

நான், 1:21
படகில் வரும்போது எங்கள் பாடகர் குழு நடத்துநர் கையைத் தூக்கினார், நாங்களும் நான்கு குரலில் ஆரம்பித்தோம். பக்கத்துச் சுற்றுலாக் குழுவின் வழிகாட்டி இடுப்பில் ஒரு ஸ்பீக்கரைக் கட்டியிருந்தார். இரண்டாவது அடியிலேயே தோற்றோம். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா, 1:25
அதெல்லாம் இருக்கட்டும், என்ன சாப்பிட்டாய்?

நான், 1:31
காலையில் நான்புத்துவோ கோயிலில் சைவச் சாப்பாடு. புத்தர் கோயிலே நடத்தும் உணவகம். காளான், தாமரைத் தண்டு, டோஃபு. முட்டைகூட இல்லை. மற்றவர்கள் சிப்பி ஆம்லெட், சாச்சா நூடுல்ஸ் என்று சுற்றுகிறார்கள். அந்த சாச்சா குழம்பில் வேர்க்கடலை வாசம். நம்மூர் சாத்தேயைத் தென்கிழக்காசியாவிலிருந்து திரும்பிப் போனவர்கள் இங்கே கொண்டுவந்து சேர்த்ததுதானாம். கடற்புழுவை வேகவைத்து ஜெல்லியாக உறையவைத்த ஒரு பண்டமும் உண்டு. அதன் படத்தை நான் போடவில்லை.

தம்பி, 1:32
தனியாக அனுப்பு.

நான், மாலை 6:50
பெரியம்மா, உங்களுக்காகவே ஒன்று. நாளை எங்களோடு சேர்ந்து பாடப்போவது இந்த ஊரின் ஓய்வு பெற்றவர்கள் குழு. முழுக்க அறுபது வயதைத் தாண்டியவர்கள். இன்று ஒத்திகை. அவர்கள் கையில் ஐந்து கோட்டு ஸ்வரத்தாள் இல்லை, வெறும் எண்கள்! [படம்]

பெரியம்மா, 7:04
இது என்ன, கணக்குப் பரீட்சையா?

நான், 7:12
1 என்றால் ஸ, 2 ரி, 3 க. அப்படியே 7 வரை. மேல் ஸ்தாயிக்கு எண்ணின் தலையில் புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் காலடியில் புள்ளி. அடியில் கோடு போட்டால் பாதி நேரம். 0 என்றால் மௌனம். மேலே ஓரத்தில் "1=F" என்று எழுதியிருக்கும். அதாவது ஸ-வை எங்கே வைப்பது என்று. சுருதி மாறினாலும் தாள் மாறாது.

பெரியம்மா, 7:15
நம் முறையேதான் இது. நாம் ஸ ரி க ம என்று எழுதுகிறோம், மேலே கீழே புள்ளி வைக்கிறோம். வெள்ளைக்காரன் கோட்டைக் கற்றுக்கொள்ள நீ இரண்டு வருஷம் பியானோ டீச்சரிடம் அழுதாயே.

நான், 7:19
சேர்ந்து பாடுவது மல்லிகைப் பாட்டு, மோ லி ஹுவா. தொடக்கம் இப்படி:
3 3 5 6 1 1 6 5
(அந்த 1 இரண்டுக்கும் தலையில் புள்ளி.)

பெரியம்மா, 7:20
க க ப த ஸ ஸ த ப. மோகனம்!

சித்தி, 7:21
பெரியம்மாவுக்கு எதைக் கொடுத்தாலும் மோகனம்.

பெரியம்மா, 7:22
ம-வும் நி-யும் இல்லை. வேறு என்ன சொல்ல? நீயே சொல்.

நான், 7:30
எனக்கு ஒரு சந்தேகம் பெரியம்மா. பாட்டு 1-இல் வந்து நிற்பதில்லை. கடைசியில் கீழே இறங்கி, காலடியில் புள்ளி வைத்த 5-இல் போய் உட்காருகிறது. அப்போது இது மோகனம்தானா?

பெரியம்மா, 7:46
[குரல் பதிவு 2:11]

பெரியம்மா, 7:47
கேட்காதவர்களுக்காக எழுதுகிறேன். ப-வை ஸ என்று வைத்துக்கொண்டு எண்ணினால் அதே ஸ்வரங்கள் சுத்த சாவேரி ஆகிவிடும். கிரக பேதம். தொடங்கும்போது மோகனம் மாதிரித் தெரிந்து, வந்து அமரும்போது சுத்த சாவேரி ஆகிறது. சும்மா ‘சீனப் பாட்டு என்றால் மோகனம்’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்களுக்கு இதைக் காட்டு.

சித்தி, 7:48
சொன்னது யாரு 👀

பெரியம்மா, 7:49
கேள்வி கேட்டால்தானே ஆராய்ச்சி நடக்கும்.

மாமா (திருச்சி), 8:30
இந்தப் பாட்டைத்தான் இத்தாலிய புச்சினி தன் துரந்தோத் ஓபராவில் எடுத்துப் போட்டார். 1926-ல் மிலானில் அரங்கேற்றம். 1998-ல் அதே ஓபராவை பெய்ஜிங்கில் அரண்மனைக்கு அருகே நடத்தினார்கள். இசைக்குழுவை நடத்தியவர் நம் பம்பாய்க்காரர் சுபின் மேத்தா. அதிருக்கட்டும், நீ சுவான்சோ போவாயா மாட்டாயா? போனால் கையுவான் கோயிலுக்குப் பின்பக்கம் போ. முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு வராதே.

நான், 8:33
ஞாயிறு போகிறோம் மாமா. அதிவேக ரயிலில் அரை மணி நேரம்தான்.

*சனி*

அம்மா, இரவு 9:30
கச்சேரி முடிந்ததா?

தம்பி, 9:31
அந்த ஸ்பீக்கர் ஆள் வந்தாரா?

நான், 10:48
முடிந்தது. இப்போதுதான் அறைக்கு வந்தேன். நீளமாக எழுதப் போகிறேன்.

ஒரு பள்ளிக்கூட அரங்கு. பெரிய மேடை இல்லை, ஆனால் ஒலி நன்றாக இருந்தது. 2006-ல் உலகப் பாடகர் குழு விளையாட்டுகள் இந்த ஊரில்தான் நடந்தன. அதில் பாடிய ஓர் அக்கா எங்கள் சோப்ரானோ (மேல் பெண்குரல்) வரிசையில் இருக்கிறார். அவருக்கு மட்டும் தனிக் கைதட்டல்.

நாங்கள் கறுப்புக் கோப்போடு போனோம். அந்தத் தாத்தா பாட்டிகளிடம் ஒரு தாள்கூட இல்லை, முழு நிகழ்ச்சியும் மனப்பாடம். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

மல்லிகைப் பாட்டு வந்ததும் நடத்துநர் பார்வையாளர் பக்கம் திரும்பிவிட்டார். அரங்கு முழுவதும் பாடியது. நான்கு குரல், ஒத்திசைவு என்று நாங்கள் மாதக்கணக்கில் செதுக்கியதெல்லாம் அந்தச் சத்தத்தில் கரைந்துபோனது. அந்தப் பாட்டுக்கு அதுதான் சரி என்று தோன்றியது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. இடைவேளையில் அவர்கள் குழுவின் ஆல்ட்டோ (கீழ்ப் பெண்குரல்) பாட்டி ஒருவர் வந்து, தாலாட்டின் எண் தாள் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. நிகழ்ச்சித் தாளின் பின்பக்கத்தில் நானே எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, தாளை மூக்குக்கு அருகே பிடித்து, விரலால் தொடையில் தட்டிக்கொண்டே முணுமுணுத்துப் பார்த்தார். இரண்டு இடங்களில் என்னை நிறுத்தி, இது பாதி நேரமா முழு நேரமா என்று கேட்டார். பிறகு அதை மற்றவர்களிடம் கொடுத்தார், அவர்கள் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். நிகழ்ச்சி முடிந்து படம் பிடிக்க எல்லோரும் மேடையில் நின்றபோது, அவர்களாகவே ஆராரோவை ஆரம்பித்தார்கள். வரிகள் தெரியாது, எண்களைத்தான் தோ ரே மி என்று பாடினார்கள். நாங்கள் தமிழில் சேர்ந்துகொண்டோம்.

அம்மா, 10:55
எனக்கு வீடியோ வேண்டும். இப்போதே.

பெரியம்மா, 10:57
சரி, கமகத்தை எந்த எண்ணில் எழுதினாய்?

நான், 10:59
இரண்டு எண்களுக்கு மேலே ஒரு வளைகோடு போட்டேன் பெரியம்மா. அந்தப் பாட்டி அதை நன்றாகவே இழுத்தார். எங்கள் குழுவில் சிலரைவிட நன்றாக.

சித்தி, 11:02
பெயர் சொல்லாதே, அவர்களில் ஒருத்தியின் அம்மா என் ஆபீஸ்.

*ஞாயிறு*

நான், மதியம் 12:40
[படம்] [படம்]
மாமா, பின்பக்கம் போனேன்.

மாமா, 12:41
சொல் சொல்.

நான், 12:50
686-ல் தொடங்கிய புத்தர் கோயில். முன்னே இரண்டு பெரிய கல் கோபுரங்கள், கிழக்கில் இருப்பது 48 மீட்டர். கூட்டமெல்லாம் அங்கேதான். பெரிய மண்டபத்தின் பின்புறத்தில் இரண்டு கல் தூண்கள். அவற்றில் செதுக்கிய வட்டம் ஒன்றில் நரசிம்மர் மடியில் இரணியனைக் கிழிக்கிறார். இன்னொரு வட்டத்தில் கிருஷ்ணன். ஆட்கள் அதன்மேல் சாய்ந்து நின்று போன் பார்க்கிறார்கள்.

மாமா, 12:58
அந்த ஊரில் இருந்த சிவன் கோயில் இடிந்துபோய், மிங் காலத்தில் அதன் கல்லை எடுத்து இங்கே வைத்துக் கட்டினார்கள். கோயில் கட்டியது நம் வணிகர்கள். சுவான்சோவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1281-ஆம் ஆண்டு, சித்திரை மாதம். சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் உடல் நலத்துக்காகச் சிவனை எழுந்தருளச் செய்தார் என்று இருக்கிறது. கீழே ஒரு வரி சீன எழுத்தும் உண்டு. அப்போது ஆட்சி குப்லாய் கானுடையது. மார்கோ போலோ சைத்தூன் என்று எழுதிய துறைமுகம் இதுதான்.

தம்பி, 1:02
ஆக நாம் அங்கே போன முதல் தமிழ்க் குழு இல்லை.

மாமா, 1:03
740 வருஷம் தாமதம்.

நான், மாலை 4:35
[படம்]
ஷுன்பு என்ற மீனவர் கிராமம். சிப்பி ஓட்டைச் சுவரில் பதித்துக் கட்டிய வீடுகள். பெண்கள் கொண்டையைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பூச்சரம் வைக்கிறார்கள். உள் வட்டத்தில் மொட்டுகள், வெளியே சிவப்பும் மஞ்சளும். நடுவில் குறுக்கே ஒரு குச்சி. எங்கள் ஆல்ட்டோ வரிசை மொத்தமும் வைத்துக்கொண்டது. நடத்துநரும்.

அம்மா, 4:37
நிஜப் பூவா? கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலே பூ வேண்டாம் என்பாய். அங்கே போய் ஒரு கூடை வைத்திருக்கிறாய்.

நான், 4:40
நிஜமும் பிளாஸ்டிக்கும் கலந்து அம்மா. தாத்தா, நீங்கள் ஹோக்கியனில் பேசி அனுப்பிய குரல் பதிவைச் சிப்பி உரித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டிக்குப் போட்டுக் காட்டினேன்.

தாத்தா, 4:41
என்ன சொன்னார்?

நான், 4:44
கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இரண்டு முறை போடச் சொன்னார். பிறகு ஏதோ நீளமாகக் கேட்டார். எனக்குப் புரியவில்லை, உங்களுக்காகப் பதிவு செய்துவிட்டேன். [குரல் பதிவு 0:19]

தாத்தா, 4:52
எந்த ஊர் மீன் சந்தை என்று கேட்கிறார். நான் காய்கறி வியாபாரி என்று சொல்லு.

நான், இரவு 9:20
பழைய கன்பூசியஸ் கோயில் பக்கம் நான்யின் கேட்டோம். 2009-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இசை. பாடகர் நடுவில், கையில் ஐந்து மரத்தகடுகளைச் சேர்த்துப் பிடித்துத் தாளம். பீப்பா என்ற நரம்பு வாத்தியத்தை இங்கே மடியில் படுக்கைவாட்டில் வைத்து மீட்டுகிறார்கள். ஒரு சொல்லை முடிக்கவே வெகு நேரம் ஆகிறது. எங்கள் குழுவில் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள்.

பெரியம்மா, 9:26
பாடுகிறவரே தாளமும் போடுகிறாரா? பக்கவாத்தியக்காரர் மேல் பழி போட வழியே இல்லை. பதிவு அனுப்பு.

நான், 9:28
ஐந்து நிமிடம் இருக்கிறது, ரோமிங் தாங்காது. வந்து காட்டுகிறேன். நாளை மாலை விமானம். ஆன்சி தேயிலை வாங்கப் போகிறேன், பக்கத்து மாவட்டத்தில் விளைவது. யாருக்கு எவ்வளவு?

சித்தி, 9:29
எனக்கு ஒரு டப்பா. படம் போட்ட டப்பா.

தாத்தா, 9:30
கால் கிலோ. கடைக்காரர் சொல்லும் விலையில் பாதி கேள்.

தம்பி, 9:31
அந்தப் புழு ஜெல்லி பார்சல் கிடைக்குமா?

அம்மா, 9:31
வீட்டுக்குள் வராது அது.